ஸ்கேனில் ஒன்றுமில்லை, தரை மட்டும் ஆடுகிறது: தீராத தலைசுற்றல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

7 வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி விடியற்காலையில் படுக்கையில் இடப்பக்கம் புரண்டேன். குளிருக்காக நிறுத்தி வைத்திருந்த மின்விசிறி சுழன்றது. சுவர், ஜன்னல், கடிகாரம் எல்லாம் அதோடு சேர்ந்து சுழன்றன. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. இரண்டு வாரத்தில் அந்தச் சுழற்சி அடியோடு போயும்விட்டது. அதன் பின்னால் வந்த ஒன்றுதான் போகவில்லை. நின்றால் தரை மெத்தைபோல் அமுங்கும். நடந்தால் ஓடத்தில் நிற்பதுபோல் ஆடும். காலையில் கொஞ்சம், சாயங்காலம் நிறைய. தஞ்சை மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். கரும்பலகையிலிருந்து பிள்ளைகள் பக்கம் திரும்பும் அந்த ஒரு நொடிக்காக மேஜையைப் பிடித்துக்கொண்டே 14 மாதம் பாடம் நடத்தினேன். அதற்குள் ஐந்து டாக்டர்கள், இரண்டு ஸ்கேன், ஒரு கழுத்துப்பட்டை. எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்.

என் கதை தெரிந்தவர்கள் போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எனக்கு வைத்தியம் பார்த்தவர்களிடம் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவை இவை. எந்த மருந்தையும் தொடங்குவதோ நிறுத்துவதோ உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். வருடக்கணக்காகத் தலைசுற்றலோடு இருப்பவர்கள், புதிதாக வந்த ஆபத்தையும் "எப்பவும் வர்றதுதானே" என்று படுத்துக் கழித்துவிடுகிறார்கள். வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது அல்லது தளர்ந்துபோவது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, எதையாவது பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் சாய்வது, இதுவரை வராத கடுமையான தலைவலி. இவற்றில் ஒன்று தலைசுற்றலோடு திடீரென்று வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். 108-க்குப் போன் செய்யுங்கள். நெஞ்சுவலியோ படபடப்போ வந்து நினைவு தப்பினாலும் அப்படியே. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், அழுக்கு அடைத்திருக்கும் என்று ஒரு வாரம் பார்க்காதீர்கள். அதற்கான மருந்தை முதல் சில நாட்களுக்குள் தொடங்குவதில்தான் பலன் அதிகம்.

டாக்டரிடம் "தலை சுத்துது" என்றுதான் சொல்கிறேன். அவர் "எப்படிச் சுத்துது?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். வேறு எப்படிச் சொல்வது?

நம் பேச்சில் இதற்கு எத்தனை வார்த்தை இருக்கிறது பாருங்கள். சுத்துது, ஆடுது, தள்ளுது, கிறுகிறுங்குது, கண்ணைக் கட்டுது, மயக்கமா வருது. ஒவ்வொன்றும் வேறு. எங்கள் அத்தை "கால் பாவ மாட்டேங்குதுடி" என்பார்கள். எனக்கு இருந்ததை அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் "தலைசுத்தல்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். அவரும் அந்த ஒரு சொல்லுக்கு உண்டான மாத்திரையை எழுதிவிடுகிறார்.

உங்கள் வாயில் இயல்பாக எது வருகிறதோ அதையே சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக மூன்று விவரம் வேண்டும்: எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைச் செய்தால் வருகிறது. எப்படி இருக்கிறது என்ற வர்ணனை ஒரே ஆளிடம்கூட நாளுக்கு நாள் மாறும். நேரமும் காரணமும் அவ்வளவாக மாறாது. பரணிலிருந்து பாத்திரம் எடுக்க அண்ணாந்ததும், படுக்கையில் புரண்டதும் சுற்றி ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்தால் அது காதுக்குள் இருக்கும் துகள் பிரச்சினையைக் காட்டும். 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்பதும் குறைந்தால் மெனியேர் நோயைச் சந்தேகிப்பார்கள். உட்கார்ந்து எழும்போது மட்டும் கண்ணைக் கட்டினால் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, மாதக்கணக்கில் ஆட்டமாகவே இருந்தால் அது வேறு வழி.

ஒரு 40 பக்க நோட்டில் இரண்டு வாரம் எழுதினேன். நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எத்தனை நிமிடம், அவ்வளவுதான். ஆறாவதாகப் பார்த்த டாக்டர் என் ரிப்போர்ட் கட்டை ஓரமாக வைத்துவிட்டு அந்த நோட்டைத்தான் படித்தார். நோய்க்குப் பெயர் அன்றைக்குத்தான் கிடைத்தது.

எல்லா டெஸ்டும் நார்மல் என்றால் ஏன் இன்னும் ஆடுகிறது?

வீணையைப் படம் பிடித்தால் தந்தி அறுந்திருப்பது தெரியும். சுருதி இறங்கியிருப்பது தெரியுமா? எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பு மாதிரியானவற்றைக் காட்டும். அவை இல்லை என்று தெரிவது பெரிய நிம்மதி, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாம் நிமிர்ந்து நிற்பது சுருதி சேர்வதைப் போன்ற காரியம். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சிறு பைகள், எது மேல் எது கீழ் என்று சொல்கின்றன. கண் ஒரு சேதி சொல்கிறது. பாதமும் மூட்டுகளும் தரையைப் பற்றி இன்னொரு சேதி சொல்கின்றன. மூன்றும் ஒத்துப்போகும்வரை நிற்கிறோம் என்ற நினைப்பே நமக்கு இருப்பதில்லை. சேதிகளை மூளை எடைபோடும் விதம் மாறிவிட்டால் ஆட்டம் தெரிகிறது. அந்த மாற்றம் எந்தப் படத்திலும் விழாது.

உள்காதைச் சோதிக்கத் தனியாக ஒரு பரிசோதனை உண்டு. காதில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் விட்டுக் கண்ணசைவைப் பார்ப்பார்கள். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற காது டாக்டர், காது கழுவும்போது குளிர்ந்த நீர் பட்ட நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதையும் கண் துடிப்பதையும் கவனித்து இதைக் கண்டுபிடித்தார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார். எனக்கு அந்தப் பரிசோதனையும் நார்மல்தான். காது பழுதில்லை என்று உறுதியானதால் தேடல் சரியான பக்கம் திரும்பியது.

இதற்கு ஒரு பெயர் உண்டா?

இப்படிப்பட்ட பலருக்குப் பொருந்தும் பெயர் ஒன்று உண்டு: பெர்சிஸ்டென்ட் போஸ்ச்சுரல் பெர்செப்சுவல் டிஸ்ஸினெஸ். சுருக்கமாகப் பி.பி.பி.டி. என்பார்கள். 1986-லேயே ஜெர்மனியில் பிராண்ட், டீட்டரிச் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் இதையொத்த ஒரு நிலையை எழுதியிருக்கிறார்கள். பாரனியின் பெயரிலேயே இயங்கும் உலக மருத்துவர் சங்கம் 2017-இல் இதற்கு இலக்கணம் வகுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பிலும் இது இருக்கிறது. 3 மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில், சுழற்சி இல்லாத ஆட்டமோ தள்ளாட்டமோ கிறுகிறுப்போ இருக்கும். நின்றால், அசைந்தால், கண்ணுக்கு முன்னால் நிறைய நகர்ந்தால் கூடும். பெரும்பாலும் ஏதாவது ஒரு சம்பவத்துக்குப் பிறகு தொடங்கும்: காதுத் துகள் நகர்ந்தது, காது நரம்பு வீங்கியது, ஒற்றைத் தலைவலி, தலையில் அடி, திடீர்ப் பதற்றத் தாக்குதல்.

எனக்கு விளங்கியது இப்படித்தான். மழைக்காலத்தில் பாசி பிடித்த குளத்துப் படியில் எப்படி இறங்குவோம்? காலை விறைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்துப் பார்த்து. தலை சுழன்ற அந்த இரண்டு வாரம் மூளை என்னை அப்படித்தான் நடத்தியது, நடத்தவும் வேண்டும். சுழற்சி நின்ற பிறகும் மூளை அந்த நடையை விடவில்லை. சிமெண்ட் தரையிலும் பாசிப்படி நடை. விறைத்த காலுக்குச் சமதரையும் ஆடுவதாகத்தான் தெரியும். ஆட்டம் தெரிந்தால் இன்னும் விறைக்கும்.

அப்படியென்றால் மனசு சம்பந்தப்பட்டதா? வீட்டில் "நீயா நினைச்சுக்கிறே" என்கிறார்கள்.

நினைத்துக்கொள்வதால் வருவதில்லை. மருத்துவ உலகம் பி.பி.பி.டி.யைச் சமநிலைக் கோளாறுகளில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது. பயமோ பதற்றமோ இல்லாதவர்களுக்கும் வருகிறது. அதே சமயம் மூளைக்குள் சமநிலைப் பாதையும் பயப் பாதையும் அக்கம்பக்கத்து வீடுகள். மொட்டைமாடி விளிம்பில் நின்றால் வயிறு கலங்குகிறதே, அது அந்தச் சுவர்வழிச் சத்தம்தான். ஆகவே நாள் முழுக்கத் தரை ஆடினால் பயம் வரும். பயம் வந்தால் ஆட்டம் கூடும். பயத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்ப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

டாக்டர் எனக்கு செர்ட்ராலின் எழுதினார். மருந்துக்கடையில் "இது டிப்ரஷன் மாத்திரையாச்சே" என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று நாள் அதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தேன், அவ்வளவு கோபம். செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்றவை மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் இந்த ஆட்டத்தைக் குறைக்கக் கொடுக்கப்படுகின்றன. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். முதல் வாரம் குமட்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் அதுவே தலைசுற்றலைக் கொண்டுவரும்.

"காரணம் தெரியலை" என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஸ்கேன் எடுத்தவர்கள் பலருக்குப் படுக்கையில் படுக்கவைத்துப் பார்க்கும் ஐந்து நிமிடச் சோதனையைச் செய்திருக்க மாட்டார்கள். உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. அவை இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்தால் புரளும்போதெல்லாம் சுற்றும். தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று படுக்கவைத்துக் கண் துடிக்கிறதா என்று பார்ப்பது டிக்ஸ்–ஹால்பைக் சோதனை. துடித்தால் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை வந்த இடத்துக்கே உருட்டிவிடுவது எப்லி முறை. மாத்திரை வேண்டாம். அந்தத் துகளை எம்.ஆர்.ஐ. காட்டாது.

அடுத்தது, படுத்திருக்கும்போது ஒரு தடவையும் எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் இன்னொரு தடவையும் ரத்த அழுத்தம் பார்ப்பது. மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்கினால் காரணம் அங்கே இருக்கிறது. உட்காரவைத்து மட்டும் பார்த்தால் இது தெரியாது. பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை எல்லாமே தலையைச் சுற்ற வைக்கலாம். வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போங்கள்.

முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளுகிறதா? இருட்டில் நடந்தால் மோசமா? அப்படியானால் பாதத்திலிருந்து மேலே போகும் சேதி தடைபட்டிருக்கலாம். நீண்டகாலச் சர்க்கரை நோயிலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் இப்படி ஆகும். அசைவம் தொடாதவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுபவர்களுக்கும் பி12 குறையும் வாய்ப்பு அதிகம். நம் ஊரில் இந்த இரண்டும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்! ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசி போட்டுச் சரிசெய்யவும் முடியும். தாமதித்தால் நரம்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் அதோடு பார்த்துவிடுங்கள்.

ஒற்றைத் தலைவலியும் தலைசுற்றலாக வரும். 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம், அந்த நேரத்தில் தலை வலிக்காமலேகூட இருக்கலாம். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போகிறதா, சிறு வயதில் தலைவலி இருந்ததா, அம்மாவுக்கு இருந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஊசிகள். காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், கடும் தொற்றுக்குப் போடும் ஜென்டாமைசின் இரண்டும் சிலருக்கு இரு காதின் சமநிலைப் பகுதியையும் அழித்துவிடும், காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. சுற்றாது. நடக்கும்போது உலகம் குதிக்கும், பஸ் போர்டைப் படிக்க நின்றால்தான் முடியும். ஸ்ட்ரெப்டோமைசினால் இப்படி ஆன அமெரிக்க டாக்டர் ஒருவர் 1952-இல் ஒரு மருத்துவ இதழில் ஜே.சி. என்ற எழுத்துகளை மட்டும் போட்டுத் தன் நிலையை எழுதினார். படுக்கையில் படிக்க வேண்டுமென்றால் கட்டிலின் இரும்புக் கம்பிகளில் தலையை அழுத்திவைத்துக்கொள்வாராம். இல்லாவிட்டால் நாடித் துடிப்பில் தலை அசைவதற்கே எழுத்து குதிக்கும். இதைப் படித்த அன்று, எனக்கு வந்த ஆட்டத்தையும் ஒரு டாக்டரே நம்பியிருப்பார் என்று ஏனோ அழுகை வந்தது. பழைய ஊசிச் சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

கழுத்து எலும்பு தேய்மானத்தால்தான் தலைசுற்றல் என்று சொல்லிப் பட்டை போட்டுவிட்டார்கள்.

எனக்கும் போட்டார்கள். நடு வயதைத் தாண்டியவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரிவது சகஜம், தலைசுற்றல் இல்லாதவர்களுக்கும் தெரியும். கழுத்தால் தலைசுற்றல் வருமா என்பதிலேயே மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பட்டை கழுத்தை அசையவிடாது. சமநிலை மூளைக்கோ தலை அசைந்தால்தான் பயிற்சி. கையில் வலி, மரமரப்பு இருந்தால் கதை வேறு. வெறும் தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் பட்டை என்றால், ஏன் என்று கேளுங்கள்.

பித்தம் தலைக்கேறியதால் என்கிறார்கள். கஷாயம் குடிக்கலாமா?

சுக்குமல்லிக் காபி குமட்டலுக்கு இதமாகத்தான் இருக்கும், நானும் குடிக்கிறேன். அதை நம்பி மேலே சொன்ன சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

தலைசுற்றல் மாத்திரை ஆறு மாதமாகப் போடுகிறேன். போட்டால் கொஞ்சம் தேவலாம். தொடரலாமா?

சின்னாரிசின், ப்ரோக்ளோர்பெரசின் போன்றவை கடுமையாகச் சுற்றி வாந்தி எடுக்கும் முதல் சில நாட்களுக்கானவை. அவை சமநிலைச் சேதியையே மந்தப்படுத்துகின்றன. மூளை புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில் அதைத் தூங்கவைத்தால் கற்பது தள்ளிப்போகும். வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் கை நடுக்கமும் நடை தளர்வும் வரலாம். பார்க்கின்சன் நோய் என்று பயந்துபோன குடும்பங்கள் உண்டு. பீட்டாஹிஸ்டின் வேறு ரகம், பெரும்பாலும் மெனியேர் நோய்க்குக் கொடுப்பது. ஒவ்வொரு அட்டையையும் காட்டி "இது எதற்கு, எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பின் என்னதான் வைத்தியம்?

அசைவதுதான். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆனது. ஆடும்போது படுத்துக்கொள் என்றுதான் உடம்பு சொல்லும், வீட்டிலும் அன்போடு அதையே சொல்வார்கள். படுத்தால் அந்த நேரத்துக்கு நிற்கும். எழுந்தால் முன்னைவிட மோசமாக இருக்கும்.

சமநிலைக்கான உடற்பயிற்சி 1940-களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்சி என்ற இரு மருத்துவர்கள் வகுத்ததிலிருந்து வளர்ந்தது. தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோடு வந்தவர்களைப் படுக்கவைக்காமல் கண்ணையும் தலையையும் உடம்பையும் படிப்படியாக அசைக்கவைத்தார்கள். இன்றைக்கு அந்தப் பயிற்சிகளை ஒவ்வொருவருக்கும் தக்கபடி மாற்றித் தருகிறார்கள். பிசியோதெரபி நிபுணரிடம் கற்றுக்கொள்வது நல்லது.

எனக்குத் தந்தது இது. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தேதியைப் பார்த்தபடி, அந்த எண் தெளிவாகத் தெரியும் வேகத்தில் தலையை இடமும் வலமும் அசைப்பது. முதலில் உட்கார்ந்து, 20 நொடி. சில வாரம் கழித்து நின்றுகொண்டு, ஒரு நிமிடம். பிறகு கால்களைச் சேர்த்துவைத்து நிற்பது. பிறகு கூடத்தில் நடந்துகொண்டே தலையைத் திருப்புவது. மூலையில் நின்று செய்தேன், இரண்டு பக்கமும் சுவர் இருக்கும், ஆனால் தொடக் கூடாது. இதெல்லாம் செய்யும்போது ஆட்டம் கூடத்தான் செய்யும். கூடிய ஆட்டம் கால் மணி, இருபது நிமிடத்தில் அடங்கினால் அளவு சரி, அன்று முழுக்க இழுத்தால் மறுநாள் பாதியாகக் குறை. இதுதான் எனக்குச் சொன்ன கணக்கு.

பயிற்சியோடு, பாசிப்படி நடையையும் விட வேண்டும். முன்பு சுவரில் உள்ளங்கையை வைத்து நடப்பேன். அதை ஒரு விரலாக்கினேன். பிறகு விரலைச் சுவருக்கு ஒரு அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு நடந்தேன். மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தி, பார்வையைக் காலிலிருந்து எடுத்து வாசல் வேம்பில் வைத்தேன். முதல் ஆறு வாரம் ஒரு பலனும் தெரியவில்லை. பத்தாவது வாரத்தில் ஒருநாள் பாடம் முடிந்து மணி அடித்தபோதுதான் கவனித்தேன், அந்தப் பீரியட் முழுக்க மேஜையை நான் தொடவேயில்லை.

இணையவழியிலோ நேரிலோ மனநல ஆலோசகரோடு பேசுவதும் பலருக்கு உதவுகிறது. "இப்போது விழுந்துவிடுவேன்" என்ற எண்ணத்தை ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார்க்கக் கற்றுத்தருவார்கள்.

எந்த டாக்டரிடம் போவது?

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர். நடை தள்ளாடினால், கை கால் மரத்தால், ஒற்றைத் தலைவலி இருந்தால் நரம்பியல் மருத்துவர். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும், அலைச்சல் மிச்சம்.

வீட்டில் பரவாயில்லை. துணிக்கடைக்குள் நுழைந்தால் தாங்க முடியவில்லை. ஏன்?

பாசிப்படி நடையில் மூளை கண்ணைத்தான் அதிகம் நம்புகிறது. தீபாவளி நேரத்துத் துணிக்கடையில் கண்ணுக்கு என்ன கிடைக்கிறது? அடுக்கடுக்காகச் சேலை, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, நாலா பக்கமும் நகரும் கூட்டம். எது அசைகிறது, நாமா அவர்களா என்று மூளை தடுமாறிவிடும். செல்போனில் விரலால் தள்ளிக்கொண்டே போவதும், பஸ் ஜன்னலில் மரங்கள் பின்னோடுவதும் இதே கதைதான். ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் நடந்தபோது இரண்டு பக்கமும் தூண்கள் வரிசையாக நகர, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். தஞ்சைப் பெரிய கோயிலின் விரிந்த வெளிமுற்றத்தில் நேர்மாறான கஷ்டம், கண்ணுக்குப் பிடிமானமாகப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

போகாமலே இருந்துவிடாதீர்கள். கூட்டமில்லாத வார நாள் காலையில் பத்து நிமிடம் போங்கள். தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்த்து நடங்கள். ஓடிவர வேண்டிய நிலை வருவதற்கு முன் நீங்களாகத் திரும்பிவிடுங்கள். அடுத்த வாரம் பன்னிரண்டு நிமிடம்.

இதில் ஒரு விதிவிலக்கு. வண்டி ஓடும்போது ஆட்டம் குறைந்து, இறங்கியதும் கூடினால், அது பெரும்பாலும் கப்பல், படகு, நீண்ட பயணத்துக்குப் பின் ஒட்டிக்கொள்ளும் வேறொரு கோளாறு. டாக்டரிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

ஸ்கூட்டர் ஓட்டலாமா?

முன்னறிவிப்பில்லாமல் சுழற்சி வருபவர்கள் ஓட்டக் கூடாது. உங்கள் உயிர் மட்டும் இல்லை, எதிரே வருபவர் உயிரும் இருக்கிறது. என்னைப்போல் மாறாத ஆட்டம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு முடிவெடுங்கள். நான் இரண்டு வருடம் தொடவில்லை. இப்போது பகலில், ஊருக்குள் மட்டும்.

வீட்டில் என்ன மாற்றங்கள் செய்யலாம்?

குளியலறையில் ஒரு கைப்பிடி, தலைக்கு ஊற்றும்போது உட்கார ஒரு ஸ்டூல், இரவில் கழிப்பறை வழியில் ஒரு சிறு விளக்கு. இந்த மூன்றும் விழுவதைத் தடுப்பவை, அவசியம். அடிக்கடி எடுக்கும் பாத்திரம் பரணில் வேண்டாம். கொடியில் துணி உலர்த்துவதை மட்டும் விடாதீர்கள், குனிந்து எடுத்து நிமிர்ந்து போடுவது பயிற்சிதான். இரு காதும் பழுதானவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தண்ணீருக்குள் முங்கினால் எது மேல் என்று தெரியாமல் போகலாம். ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் முங்காமல் படித்துறையில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றிக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஊனமுற்றோர் சான்றிதழ் கிடைக்குமா?

2016-ஆம் ஆண்டுச் சட்டம் வரிசைப்படுத்தும் 21 வகைகளில் சமநிலைக் கோளாறு தனியாக இல்லை. மேலதிகாரியிடம் வாயால் சொல்வதோடு, நோயின் பெயரும் என்ன சலுகை தேவை என்பதும் எழுதிய மருத்துவக் கடிதம் ஒன்றைக் கொடுங்கள். நான் கேட்டவை இரண்டுதான்: மாடி வகுப்பு வேண்டாம், தொடர்ந்து நான்கு பீரியட் வேண்டாம். தலைமையாசிரியை இரண்டையும் ஒப்புக்கொண்டார். முடிந்தவரை வேலையை விடாதீர்கள். வீட்டோடு இருந்தால் அசைவு குறையும், ஆட்டத்தைக் கவனிக்கும் நேரம் கூடும்.

முழுசாகக் குணமாகுமா?

காதுத் துகள், பி12 குறைவு, நின்றால் இறங்கும் ரத்த அழுத்தம் போன்றவை சரியான வைத்தியத்தில் பெரும்பாலும் நன்றாகிவிடும், சில சமயம் திரும்பவும் வரும். அழிந்துபோன உள்காது திரும்பாது, ஆனால் கண்ணும் பாதமும் அதன் வேலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். பி.பி.பி.டி.யில் நல்ல முன்னேற்றம் காண்பவர்கள் நிறைய. எனக்கு மாதத்தில் இருபத்தைந்து நாள் ஆட்டம் நினைவுக்கே வராது. தூக்கம் கெட்ட மறுநாளும், காய்ச்சலிலும், பரீட்சைத்தாள் திருத்தும் வாரத்திலும் தலைகாட்டும். முன்பெல்லாம் "பழைய நிலைமைக்குப் போயிட்டேனே" என்று படுத்துவிடுவேன். இப்போது காலண்டர் முன்னால் போய் நின்றுகொள்கிறேன்.

என் மனைவிக்கு இந்தப் பிரச்சினை. கூட இருக்கிற நான் என்ன செய்யலாம்?

"ரிப்போர்ட்லதான் ஒண்ணுமில்லையே" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தை அவர்களைத் தனியாக்கிவிடும். பார்த்தால் நன்றாகத்தான் இருப்பார்கள், கட்டில்லை, காய்ச்சலில்லை. சாயங்காலம் ஆட்டம் கூடும் என்பதால் கனமான வேலைகளைக் காலையிலேயே இருவருமாக முடித்துவிடுங்கள். டாக்டரிடம் கூடப் போங்கள், சொல்ல மறந்ததை நீங்கள் சொல்லலாம். ஆனால் எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டு "நீ படு" என்று உட்காரவைத்துவிடாதீர்கள். என் கணவர் ஒரு வருடம் அப்படித்தான் பார்த்துக்கொண்டார், பாசத்தில்தான், அதில் நான் இன்னும் தளர்ந்துபோனேன். பயிற்சி சொல்லித்தந்தவர்தான் அவரிடம் கையைப் பிடிக்க வேண்டாம் என்றார். அதிலிருந்து சந்தைக்குப் போனால் என் இடப்பக்கம் அரையடி பின்னால் வருவார். கை இரண்டையும் பின்னால் கட்டியிருப்பார், எட்டிப் பிடிக்கத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக.